விண்டோஸ் 11-இல் ஃபைல் தேடினால் கிடைக்கவில்லையா? ஃபார்மேட் செய்யாதீர்கள்

கேள்வி: விண்டோஸ் 10 இருந்த பழைய கணினியை விட்டு, விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. பழைய ஃபைல்களை எல்லாம் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். கீழே இருக்கும் தேடல் பெட்டியில் ஃபைலின் பெயரை அடித்தால் இணையத்திலிருந்து என்னென்னவோ வருகிறது, என் ஃபைல் வருவதில்லை. ஃபைலுக்குள் இருக்கும் சொல்லைக் கொடுத்தால் ஒன்றுமே வருவதில்லை. சர்வீஸ் செய்பவர், “ஃபார்மேட் பண்ணணும், கூடவே கிளீனர் சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கிப் போடணும்” என்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பும். உங்கள் தொல்லைக்குக் காரணமே அந்த ஆரம்ப அமைப்புதான். காசைக் கொடுத்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

கீழே இருக்கும் தேடல் பெட்டி டிஸ்க்கைத் துழாவுவதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பட்டியலைத்தான் புரட்டுகிறது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதைப் போன்றது இந்த இண்டெக்ஸ். விண்டோஸ் 11 ‘கிளாசிக்’ என்ற நிலையில்தான் வரும். அதில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போன்ற லைப்ரரிகளும் டெஸ்க்டாப்பும் மட்டுமே பட்டியலில் ஏறும். டி டிரைவ் ஏறாது. இதை ஒரு வரியில் திரையிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் சர்வீஸ் சென்டர் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது: தேடல் பெட்டியில் ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். ‘மாடிஃபை’ பொத்தானை அழுத்தினால் டிரைவ்களின் பட்டியல் வரும். டி டிரைவை விரித்து, உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்களுக்கு மட்டும் டிக் போட்டு ஓகே கொடுங்கள். செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘சர்ச்சிங் விண்டோஸ்’ பக்கத்தில் (சில கணினிகளில் வெறும் ‘சர்ச்’) ‘என்ஹான்ஸ்டு’ என்றொரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் கணினி முழுவதும் பட்டியலில் ஏறும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பட்டியலில் 4 லட்சம் உருப்படிகளைத் தாண்டினால் தேடல் மந்தமாகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. வேண்டிய நாலு ஃபோல்டர் போதும்.

ஃபோல்டரைச் சேர்த்ததும் பலன் தெரியாது. லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டி, சில மணி நேரம் சும்மா விடுங்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இண்டெக்ஸிங் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியில் ஓடினால் நின்றும் போகலாம். ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ ஜன்னலின் உச்சியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்; கடைசியில் ‘இண்டெக்ஸிங் கம்ப்ளீட்’ என்று வரும். அதுவரை ‘அட்வான்ஸ்டு’க்குள் இருக்கும் ‘ரீபில்டு’ பொத்தானில் கை வைக்காதீர்கள். அது இருக்கிற பட்டியலை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பொறுமையிழந்து தினமும் ஒரு முறை அதை அழுத்துகிறவர்களுக்குப் பட்டியல் முடிவதே இல்லை.

ஃபைலுக்குள் இருக்கும் சொல் கிடைக்க, அதே ‘அட்வான்ஸ்டு’க்குள் ‘ஃபைல் டைப்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். உங்கள் வகை ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் கீழே இரண்டு தேர்வுகள் இருக்கும்: பண்புகள் மட்டும், அல்லது பண்புகளோடு உள்ளடக்கமும். இரண்டாவதுதான் வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்-இல் இருப்பது எழுத்தின் படம் என்பதால் அதற்குள் தேட முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்புகளும் அப்படித்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள். இப்போது எங்கும் பயன்படும் பொதுக் குறியீடான யூனிகோடில் அடித்துத் தேடினால் சிக்காது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால்தான் வரும்.

பெயர் மட்டும் தெரிந்து அவசரமாக வேண்டுமென்றால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டருக்குள் போய் வலது மேல் மூலைப் பெட்டியில் தேடுங்கள். பட்டியலில் ஏறாத இடத்தையும் அது நேராகத் துழாவும், மெதுவாக.

இனி இணைய முடிவுகள். இதை அணைக்க ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு வழி கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அங்கே சட்டம் வந்ததால். மற்றவர்கள் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்க வேண்டும். சொந்த வீட்டு அலமாரியில் தேடும்போது தெருவில் விற்பதை எல்லாம் கொண்டுவந்து கொட்டாதே என்று சொல்ல இவ்வளவு பாடு! ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்ததும் முதலில் ‘ஃபைல்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பிறகு ‘ஹெச்கீ கரண்ட் யூசர்’, ‘சாஃப்ட்வேர்’, ‘பாலிசீஸ்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’ என்று வரிசையாக இறங்கி, ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற கீ (ஃபோல்டர் போலத் தெரியும்) இல்லையென்றால் உருவாக்குங்கள். அதற்குள் ‘டிஸேபிள் சர்ச் பாக்ஸ் சஜஷன்ஸ்’ என்ற பெயரில், ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக, 32-பிட் டிவேர்ட் (எண் மதிப்பு) ஒன்றைச் சேர்த்து மதிப்பு 1 கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கை நடுங்கினால் விட்டுவிடலாம். ஃபைல் கிடைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இணைய முடிவுகளை அப்படியே விட்டு வைத்தால் ஒன்றில் கவனமாக இருங்கள். கணினியில் இல்லாத மென்பொருளின் பெயரை அந்தப் பெட்டியில் அடித்து, வந்த முதல் இணைப்பைத் தட்டி, போலித் தளத்திலிருந்து எதையோ இறக்கிக்கொள்வது எளிது. ‘சர்ச் வேலை செய்யவில்லை’ என்று தேடினாலும் இதே கதைதான். விளம்பரமாக வரும் ‘சப்போர்ட்’ எண்ணுக்குப் போன் போட்டால், எதிர்முனையில் இருப்பவர் தொலைவிலிருந்தே உங்கள் திரையை இயக்கும் செயலியைப் போடச் சொல்வார். அதற்குப் பிறகு கணினி உங்களுடையது இல்லை. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தி எதிலும் போன் எண் இருக்காது.

கிளீனர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ‘வேகம் கூட்டுகிறேன்’ என்று வரும் கிளீனர்களும் ஒரே கிளிக்கில் விண்டோஸை மெலிய வைக்கும் ஸ்கிரிப்ட்களும் சில நேரம், பின்னணியில் ஓடி தேடலை நடத்தும் ‘விண்டோஸ் சர்ச்’ சர்வீஸையே நிறுத்திவிடுகின்றன. நோயைக் கொடுத்தவரே மருந்துக்கடையும் வைத்திருக்கிறார் என்றால் எப்படி? ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் நீக்கிவிட்டு, ‘சர்வீசஸ்’ பட்டியலில் அந்தச் சர்வீஸின் தொடக்க வகை ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் செய்து டாக்குமெண்ட்ஸில் இருப்பது மட்டும் வரவில்லையென்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். புதுக் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால், டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் உங்களுக்குத் தெரியாமலே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கலாம். ஃபைலின் பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தால் பெயர்தான் இங்கே இருக்கிறது, சரக்கு சர்வரில். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் வராது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். சி டிரைவில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கி முடிந்ததும் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வரும். அதன்பிறகு பட்டியலில் ஏறும்.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. ‘இரண்டு டாக்குமெண்ட்ஸ் இருக்கிறது, ஒன்றை அழிப்போம்’ என்று ஒன்டிரைவுக்குள் இருப்பதை அழித்துவிடுவார்கள். அது நகல் இல்லை, அதே ஃபைல். இங்கே அழித்தால் சர்வரிலும் போய்விடும். தனிநபர் கணக்கென்றால் ஒன்டிரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். இப்படி ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்குள் கொண்டுபோகும் பேக்கப்பை நிறுத்தினாலும் ஃபைல்கள் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கிவிடக்கூடும். எனவே எல்லாவற்றையும் கணினிக்கு இறக்கி, டி டிரைவில் ஒரு நகல் போட்டு, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே ஒன்டிரைவின் ‘சிங்க் அண்ட் பேக்கப்’ அமைப்பில் எதையும் மாற்றுங்கள்.