டிவியை விற்றவனின் பாட்டு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

லண்டன் லூயிஷமிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒருவர், போகும்போது தன் சிடிகளை மேஜையில் பரப்பிவைத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்தது ஸ்க்வீஸ் என்ற பாப் இசைக்குழுவின் ‘சிங்கிள்ஸ் – 45ஸ் அண்ட் அண்டர்’ என்ற ஹிட்ஸ் தொகுப்பு. பக்கத்து டெட்ஃபர்டில் உருவான குழு என்று அவர் சொன்னதுதான் காரணம். இப்போது ரயிலில் அதைத்தான் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடும்போதும் கேட்கிறேன். லேசான, உற்சாகமான பாட்டுகள்.

சில சந்தேகங்கள். போனில் தேடினால் இவர்களுடைய பல பாட்டுகள் இரண்டு முறை வருகின்றன, கேட்டால் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. எது அசல்? ஹிட்ஸ் தொகுப்பு கேட்கிறவன் ரசிகனே இல்லை, ஆல்பங்களைத்தான் கேட்க வேண்டும் என்கிறான் என் நண்பன். அது சரியா? பீட்டில்ஸின் லெனான்–மெக்கார்ட்னியின் வாரிசுகள் என்று இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பிறகு ஏன் இவ்வளவு பேருக்குத் தெரியவில்லை? பாவமாக இருக்கிறது. கடைசியாக ஒன்று. ‘அப் த ஜங்ஷன்’ நல்ல மெட்டு, ஆனால் பல்லவி என்று எதுவும் திரும்பி வரவே இல்லை. பாதியில் விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில வாரங்களாக நானும் அந்தப் பாட்டோடுதான் இருக்கிறேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில், ஒரு குழந்தை பிறந்து நடக்கப் பழகுவதற்குள் ஒரு குடும்பம் உடைய வேண்டும். அந்த ஒரு வருடத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் என் கவலை. பாட்டின் வரிகளை எழுதிய கிறிஸ் டிஃபோர்ட் அதை ஒரே எட்டில் தாண்டுகிறார். ஒரு வரியில் மகள் பிறக்கிறாள், அடுத்த வரியில் வருடம் ஓடிக் குழந்தை நடக்கிறது, அதற்கடுத்த வரியில் அம்மாவை உரித்துவைத்திருக்கிறாள். அவ்வளவுதான். அந்தத் தந்தை அந்த வருடம் முழுக்கக் குழந்தையை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்பதும் அந்தத் தாவலுக்குள்ளேயே இருக்கிறது.

பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். தம்பி, நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டீர்களா, இல்லை சட்டையை மட்டும் தேய்த்தீர்களா? மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாட்டு அது. அதற்குள் ஒருவன் கிளாப்பம் பெண்ணைச் சந்திக்கிறான், பொதுப்புல்வெளியில் காற்றில் நிற்கிறார்கள், ஒரு அடித்தள அறைக்குக் குடிபோகிறார்கள். அவன் வேலைக்குப் போகிறான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை குளிக்கிறான். பதினொரு மணி நேரம் உழைத்து அவளுக்குப் பூ வாங்குகிறான். அவள் கர்ப்பமாகிறாள். குளிர்காலம் முழுக்க வாரம் பத்து பவுண்டு எடுத்துவைக்கிறான். பிரசவம், மகள். அப்புறம் குடி, குதிரைப் பந்தயம். அவள் ஒரு ராணுவக்காரனோடு போய்விடுகிறாள், குழந்தையும் அவளோடு. இவன் சமையலறையில் தனியாக நிற்கிறான். இதில் எந்தப் பாதி விடுபட்டிருக்கிறது?

அந்தப் பாட்டில் டிவி எத்தனை முறை வருகிறது என்று கவனித்தீர்களா? மூன்று முறை. முதலில் இரண்டு பேரும் நாற்றமடிக்கும் அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசவம் நெருங்கும்போது அதை விற்கிறார்கள். கடைசியில், டிவி முன்னால் உட்கார்ந்த அந்த இரவுகள் இனி இல்லை என்கிறான். காதல் என்ற சொல்லை நம்பி எழுதும் ஆளாக இருந்தால் மூன்று இடத்திலும் அதைப் போட்டிருப்பார். டிஃபோர்ட் ஒரு மரச்சட்டப் பெட்டியைப் போடுகிறார். விற்றபின் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? மாலையில் கணப்பருகே உட்கார்ந்து அவள் வயிற்றில் குழந்தை உதைப்பதைப் பார்க்கிறான். டிவி இருந்த இடத்தில் அது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வேன் ஓட்டுநர். தொண்ணூறுகளில் நான் நியூ கிராஸில் ஒரு மாடி அறையில் இருந்தேன். நீங்கள் லண்டன் பிரிட்ஜுக்குப் போகும் ரயில் அதே வழியாகத்தான் போகும். மாலை ஷிஃப்டில் ஒரு கிடங்கில் வேலை. அங்கே வேன் ஓட்டியவர் டெட்ஃபர்டில் பிறந்து வளர்ந்தவர், என் அப்பா வயது இருக்கும், வேலை முடிந்தால் என்னை இறக்கிவிட்டுப் போவார். வண்டியில் இந்தத் தொகுப்பின் கேசட்தான் எப்போதும். எனக்கு அப்போது அந்த உச்சரிப்பு பிடிபடாது. தெருப் பெயரும் ஸ்டேஷன் பெயரும் மட்டும் காதில் விழும். அவர்தான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வருவார். இந்த டிவி விஷயத்தில் ஒருநாள் என்னைக் கிட்டத்தட்ட அதட்டினார். எழுபதுகளில் இங்கே ஏராளமான வீடுகளில் டிவியை வாடகைக்குத்தான் எடுப்பார்கள், அதற்கென்றே கடைகள் இருந்தன, மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். “என் அப்பா கடைசிவரை ஒரு டிவி வாங்கியதில்லை. இந்தப் பையன் விற்கிறான் என்றால் சொந்தமாக வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். அந்த அறையில் அவனுக்குச் சொந்தமான ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு அந்த வரியை வெறும் எதுகைக்காகப் போட்ட வரியாக என்னால் கேட்க முடிந்ததே இல்லை. டிஃபோர்டே அவ்வளவு தூரம் யோசித்திருக்க வேண்டும் என்று இல்லை. தெரிந்த வாழ்க்கையை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் தானாக வந்து விழும். அந்தத் தெருக்காரனின் காதில் அது சரியாகப் போய்ச் சேரும்.

பல்லவிக்கு வருகிறேன். நம் காது பல்லவிக்குப் பழகிய காது. சரணம் எங்கே சுற்றினாலும் பல்லவி வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பாட்டே கேட்கிறோம். ஆங்கிலப் பாப் பாட்டிலும் கோரஸின் வேலை அதுதான். இந்தப் பாட்டில் எதைக் கோரஸாக வைப்பீர்கள், சொல்லுங்கள். அவளைச் சந்தித்த சந்தோஷத்தை வைத்தால், அவள் போனபிறகும் அதைத் திரும்பப் பாட வேண்டும், பொய்யாகிவிடும். தனியாக நிற்கும் துக்கத்தை வைத்தால், பூ வாங்கிவந்த அன்றைக்கே அவள் போகப்போகிறாள் என்று சொல்லிவிட்டதாகும். எந்தச் சொல்லை வைத்தாலும் ஒன்று முன்னால் வந்துவிடும், இல்லை பிந்திவிடும். அவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை, அதனால் பாட்டுக்கும் இல்லை. திரும்பத் திரும்ப வருவது அந்த ஆரம்ப இசை மட்டும்தான், கொடியேற்றத்துக்கு வாசிப்பதுபோல் அவ்வளவு மலர்ச்சியாக. தலைப்பில் இருக்கும் சொற்கள், வசமாக மாட்டிக்கொண்டேன் என்ற பொருளில், கடைசி வரியில் ஒரே ஒரு தடவை வருகின்றன. வந்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. உங்கள் பல்லவி அதுதான்.

அதற்குச் சற்று முன்னால் ஒரு இடம். மன்னிப்புக் கேட்கலாம்தான், ஆனால் கெஞ்சுவது தனக்குப் பழக்கமில்லை என்கிறான். அவள் கடிதம் போடுவதில்லை என்று குறை வேறு. ஊருக்கெல்லாம் கேட்கும்படி முழுக் கதையையும் பாடத் தெரிந்தவனுக்கு அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவன் மேல் எனக்குக் கோபம் வருகிறது, அடுத்த கணம் அவனை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. பாடகர் க்ளென் டில்ப்ரூக்கின் குரல் செய்கிற வேலை அது. குடிகாரனின் கரகரப்பு எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி சுத்தமாகப் பாடுகிறார். முதல் வரியில் அவன் எந்த வயதில் இருந்தானோ அதே வயதுக் குரல்தான் கடைசி வரியிலும்.

இதை லேசான பாட்டு என்று எழுதாதீர்கள். மெட்டு லேசானது. அது வேறு.

லெனான்–மெக்கார்ட்னி ஒப்பீட்டைக் கையோடு தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டம் இவர்களுக்குச் செய்த நல்லது ஒன்றுமில்லை, உண்மையும் இல்லை. அவர்கள் இருவருமே சொல்லும் எழுதினார்கள், மெட்டும் போட்டார்கள். இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. டிஃபோர்ட் வரிகளை எழுதித் தாளைக் கொடுத்துவிடுவார், டில்ப்ரூக் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் மெட்டமைப்பார். எழுதியவரின் சோகத்தை இசையமைப்பவர் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. உங்களை உற்சாகம் என்று ஏமாற்றியது அந்த இடைவெளிதான். இருவரும் சேர்ந்ததே ஒரு விளம்பரத்தால். 1973-ல் டிஃபோர்ட் அம்மாவின் பர்ஸிலிருந்து 50 பென்ஸ் எடுத்து, ஒரு மிட்டாய்க்கடை ஜன்னலில் குழுவுக்கு ஆள் தேவை என்று அட்டை வைத்தார். வந்தது ஒரே ஒரு ஆள், டில்ப்ரூக்.

ஏன் பலருக்குத் தெரியவில்லை, பாவமாக இருக்கிறது என்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்னும் வேலை அமையவில்லையே என்று உச்சுக்கொட்டுவதுபோல் இருக்கிறது இது. ‘கூல் ஃபார் கேட்ஸ்’, ‘அப் த ஜங்ஷன்’ இரண்டுமே 1979-ல் பிரிட்டிஷ் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனவை. முதலிடம் கடைசிவரை கிடைக்கவில்லை, சரி. அதனால் என்ன?

உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். தொகுப்பைக் கேட்கிறவன் ரசிகன் இல்லை என்பது சில குழுக்களுக்குப் பொருந்தலாம், இவர்களுக்குப் பொருந்தாது. உங்கள் தொகுப்பின் 12 பாட்டில் முதல் பத்துக்குள் வந்தவை மூன்றே மூன்று, 1981-ல் 4-ஆம் இடம் பிடித்த ‘லேபிள்ட் வித் லவ்’ மூன்றாவது. இன்றைக்கு அமெரிக்காவில் இவர்கள் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வரும் ‘டெம்ப்டட்’ இங்கே 41-ஐத் தாண்டவில்லை. விடுமுறைக் கடற்கரையைப் பாடும் ‘புல்லிங் மஸல்ஸ்’ 44. ‘பிளாக் காஃபி இன் பெட்’ 51. தனித்தனியாக வந்தபோது கடையில் தேங்கியவை இவை. 1982-ல் ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். தொகுப்பு 3-ஆம் இடத்துக்குப் போனது, அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி தாண்டிப் பிளாட்டினம் ஆனது. அதே வருடம் குழு கலைந்தது (1985-ல் மறுபடி சேர்ந்தார்கள்). ஏற்கெனவே ஜெயித்த பாட்டுகளின் மூட்டை என்று அதை நினைக்காதீர்கள். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் மாதிரி இந்தப் பாட்டுகளின் ஆட்கள் ஒருவரையொருவர் அடுத்து நின்றபோதுதான் ஊருக்குக் கண்ணில் பட்டார்கள். ‘டெம்ப்டட்’ எப்படித் தொடங்குகிறது பாருங்கள், பல் தேய்க்கும் பிரஷ், பற்பசை, முகம் துடைக்கும் துணி, பைஜாமா என்று ஒரு சாமான் பட்டியல். விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போகும்போது டிஃபோர்ட் எழுதிய வரிகள் அவை. பிரிந்து போகிறவன் பையில் என்ன இருக்கும் என்று யோசித்திருக்கிறார். பாடியது பால் கராக். ஜூல்ஸ் ஹாலண்ட் போனபின் கீபோர்டுக்கு வந்தவர், அந்த முறை ஒரே ஆல்பத்தோடு போய்விட்டார். அப்படி வந்துபோனவர் குரலில்தான் அந்தப் பாட்டு நின்றுவிட்டது.

‘லேபிள்ட் வித் லவ்’ பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க விமானியைக் கட்டிக்கொண்டு டெக்சஸ் போய், அவன் செத்தபின் ஊர் திரும்பி, வீட்டுச் சாமான்களை விற்றுக் குடிக்கும் கிழவி. அங்கேயும் விற்பனைதான். அடுத்த ஞாயிறு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் முதல் கேள்வி. இரண்டு முறை வருவதற்குக் காரணம், பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை குழுவிடம் இல்லை. அதனால் 2010-ல் தங்கள் பாட்டுகளைத் தாங்களே அச்சு அசலாக மறுபடி பாடி ‘ஸ்பாட் த டிஃபரன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் பழையதைத்தான் கேட்பேன். ஆனால் புதியதை ஓடவிட்டால் அவர்களுக்கே நேராகப் பணம் போகும், அதையும் ஓடவிடுங்கள். சிடியை மட்டும் வரிசை கலைக்காமல் கேளுங்கள், ஷஃபிள் வேண்டாம், ஏறத்தாழ வெளிவந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறார்கள். அப்புறம் ஆல்பம் வேண்டும் என்றால் 1981-ன் ‘ஈஸ்ட் சைட் ஸ்டோரி’. நண்பருக்கும் ஒரு பிரதி வாங்கிக் கொடுங்கள், தொகுப்பைத்தான் சொல்கிறேன்.