நியூட்டன் எப்போது கப்பலை விட்டார்?

கேள்வி: அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த ஜான் நியூட்டன், நடுக்கடல் புயலில் மனந்திரும்பி, அன்றே அந்தத் தொழிலை உதறிவிட்டு ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதினார் என்று எங்கள் ஆலயத்தில் சொன்னார்கள். அந்தக் காலத்துச் சுவிசேஷப் போதகர்களின் வைராக்கியம் இன்று ஏன் இல்லை? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வைராக்கியம் இருக்கட்டும், முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். புயல் வீசியது 1748 மார்ச்சில். அப்போது நியூட்டன் கப்பல் தலைவர் அல்லர். அவர் வந்த கப்பலும் அடிமைக் கப்பல் அன்று. பொன்னும் தந்தமும் தேன்மெழுகும் ஏற்றி வந்த வணிகக் கப்பல். அடிமைக் கப்பலுக்கு அவர் தலைவரானதே மனந்திரும்பிய பிறகுதான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். மனைவிக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுவார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிட்டுக் கிடப்பார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டவர்களின் கட்டைவிரலை இரும்புக் கருவியில் நெரித்ததை அவரே தம் கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் மனிதத்தன்மையுள்ள வேலை ஒன்று கிடைக்க வேண்டும் என்று ஜெபித்ததாகவும் சொல்கிறார். ஆனால் கடலைவிட்டு அவரை இறக்கியது மனச்சாட்சி அல்ல, 1754இல் வந்த திடீர் நோய்.

1764இல் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூருக்குப் போனார். நீங்கள் சொன்ன பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. “நான் எம்மாத்திரம்” என்று தாவீது கேட்கும் பகுதிதான் அன்றைய பிரசங்க வசனம். அடிமை வியாபாரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இன்று நாம் பாடும் மெட்டும் பிற்பாடு அமெரிக்காவில் சேர்ந்தது.

அவர் வாய் திறந்தது 1788இல். அந்த ஆண்டு வெளியிட்ட சிறு நூலில், தம் பழைய தொழிலை நினைத்தால் இப்போது நெஞ்சு நடுங்குவதாகவும், இந்த அறிக்கை காலம் கடந்து வருவதாகவும் ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். பின்னாளில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் இளைஞராகத் தம்மைத் தேடி வந்தபோது, அவரிடம் அரசியலை விடாதே என்று சொல்லியனுப்பியவரும் இவரே.

கோபம், பெருமை, ஜெபத்தில் சோர்வு என்று உள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் துழாவிய பக்தி எழுத்து நியூட்டனுடையது. பிழைப்பு எதில் நடக்கிறது என்ற கேள்விக்கு வர இத்தனை காலம் பிடித்தது. இதைச் சொல்வதால் நியூட்டன் சிறியவராகிவிட மாட்டார். அவருடைய கடிதங்களைப் படியுங்கள். பாடலைவிட எனக்கு அவைதான் பிடிக்கும். மனநோயில் வீழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்ட மனிதரின் குரல் அவற்றில் கேட்கும். அவருக்குப் புயலும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம்.

இன்றைய போதகர்களை அளக்கும் முன், அன்று உங்கள் ஆலயத்தில் பேசியவரிடம் 1748க்கும் 1788க்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.