லேஸ் இல்லாத ஷூவில் ஓடலாமா?

கேள்வி: காவலர் உடல்தகுதித் தேர்வுக்காகத் தினமும் மைதானத்தில் ஓடுகிறேன். ஞாயிறானால் வத்தல்மலை ரோட்டில் நீண்ட ஓட்டம். சாக்ஸ் போல மாட்டிக்கொள்ளும் லேஸ் இல்லாத ஷூ வாங்க ஆசை. கூட ஓடுகிறவர்கள் தடுக்கிறார்கள். எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலா வெறுங்காலிலேயே ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றாரே, லேஸ் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?
- ஒரு வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: பிகிலாவைப் பாதியில் விட்டுவிட்டீர்கள், தம்பி. 1960-இல் ரோமில் அவர் வெறுங்காலில் ஓடியதற்குக் காரணம், கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையாததுதான். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார். மறுபடி தங்கம், நேரமும் மூன்று நிமிடம் குறைந்தது. காலுக்கு அமையாததைப் போடாதே என்பதுதான் அவரிடம் கற்க வேண்டியது. உங்கள் கேள்விக்கும் அதுவே பதில்.

லேஸ் அலங்காரத்துக்கு இல்லை. விடிகாலையில் இருக்கிற கால், பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இருப்பதில்லை, வெயிலில் வீங்கும். பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில்கூட இருக்காது. லேஸ் இருந்தால் விரல் பக்கம் தளர்த்தி, கணுக்கால் பக்கம் இறுக்கலாம். சாக்ஸ் போன்ற ஷூவில் கம்பெனி வைத்த இறுக்கம்தான். அந்தத் துணியும் நாளாக நாளாகத் தொளதொளத்துப் போகும்.

உங்கள் தேர்வு 1500 மீட்டர், ஏழு நிமிடம். 400 மீட்டர் டிராக்கில் கிட்டத்தட்ட நாலு சுற்று. வளைவில் வேகமெடுக்கும்போது பாதம் ஷூவுக்குள் பக்கவாட்டில் நழுவினால், உந்துகிற பலத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். வத்தல்மலையில் ஏறும்போது அவ்வளவு தெரியாது. இறங்கும்போதுதான் ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் விரல்கள் முன்னால் போய் இடிக்கும்; நகம் கறுத்து விழும். கூட ஓடுகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறார்கள், கேளுங்கள்.

லேஸ் இல்லாத ஷூவே கூடாது என்று சொல்லவில்லை. நடைப்பயிற்சிக்கு, மெதுவோட்டத்துக்கு, குனிந்து கட்ட முடியாத பெரியவர்களுக்கு அது நல்லதுதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டி வீரர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி ஓட்டத்துக்கு மாறும் நொடிகளை மிச்சப்படுத்த, முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் லேஸ் கட்டுவார்கள். அவர்களும் லேஸ் ஷூவைத்தான் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் லேஸ் உள்ளதையே வாங்குங்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஷூவின் மேல் ஓரத்தில், கணுக்காலை ஒட்டிக் கடைசியாக ஒரு துளை இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்து அந்தத் துளைக்குள் விட்டுச் சின்ன வளையமாக நிறுத்துங்கள், மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, இரட்டை முடிச்சுப் போடுங்கள். குதிகால் தூக்காது. அடுத்த ஞாயிறு வத்தல்மலையில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.