ஓசோன் நம்மைக் காப்பதுதானே, அது எப்படி நுரையீரலைக் கெடுக்கும்?

வானத்தில் உயரே இருக்கும்வரை காப்பதுதான். மூச்சில் வந்தால் கதை வேறு. ஓசோன் நீரில் எளிதில் கரையாது. அதனால் மூக்கோடு நின்றுவிடாமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். அங்கே செல்களின்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம் எல்லாம் முதலில் தடுத்துப் பார்க்கும். அதையும் மீறினால், ஓசோன் கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்பை உடைத்து ஆல்டிஹைடுகளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். செல்லைத் தாக்குவது பெரும்பாலும் இவைதான். ஓசோன் நீர்ப்படலத்தைக் கடந்து செல்வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. அடிபட்ட செல், வெள்ளையணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தைச் சுரக்கும், வெள்ளையணுக்கள் திரளும், செல்களுக்கிடையிலான பிடிப்பு தளரும். சளியை மேலே தள்ளும் குற்றிழைச் செல்கள் எளிதில் சேதமாகும். இருமல் நின்ற பிறகும் உள்ளே அழற்சி நீடிக்கலாம். அப்புறம், ஓசோன் வெளியிடும் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும் யோசனை இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.