இலவச ஆபாசக் காணொளித் தளத்துக்குப் பணம் எப்படி வருகிறது? விசா அட்டை நிறுவனம் ஏன் விலகியது?

அப்படிப்பட்ட தளமான போர்ன்ஹப்பை நடத்துவது ஐலோ நிறுவனம். 2023 ஆகஸ்ட் வரை அதன் பெயர் மைண்ட்கீக். வருமானம் விளம்பரத்திலும் சந்தாவிலும் வருகிறது. இரண்டுக்கும் கூட்டம் வேண்டும். அதற்காக யார் வேண்டுமானாலும் காணொளி ஏற்றலாம் என்று விட்டிருந்தார்கள், சிக்கலின் வேர் அதுதான்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தை மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு யாருடையது என்று கேட்காமல் எல்லோருக்கும் இடம் கொடுத்தால் திருட்டுப் பொருளும் கடைக்கு வரும். இங்கே திருடுபோனது மனிதர்களின் அந்தரங்கம், சிறார்களுடையதும்கூட. 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியதும் விசாவும் மாஸ்டர்கார்டும் கட்டணச் சேவையை நிறுத்தின. சில நாட்களில் அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய லட்சக்கணக்கான காணொளிகள் நீக்கப்பட்டன. கல்லாப்பெட்டியில் கை வைத்தால்தான் வேலை நடக்கிறது!

கடலூரிலோ பாண்டியிலோ ஒருவருடைய படம் இப்படி வெளியானால், முதலில் இணைப்பு முகவரியையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு தேடினால் சான்று இருக்காது. சிறார் படம் என்றால் சேமிக்கவோ அனுப்பவோ கூடாது, முகவரி போதும். தளத்திடம் புகார் கொடுத்தால், இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 2 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்; 2026 பிப்ரவரித் திருத்தம் வரை அது 24 மணி நேரமாக இருந்தது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள்.

'படம் எடுக்கச் சம்மதித்தவர் புகார் செய்ய முடியாது' என்பது தவறு: எடுக்கச் சம்மதித்த பெண், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் அது குற்றம்.