தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களின் சுற்றுச்சூழலுக்குத் தொண்டு நிறுவனங்களால் உண்மையில் பயன் உண்டா?

பயிற்சி, நிதி என்று வருகிறார்களே, அதில் ஏதாவது நிலைக்கிறதா, எங்கள் ஊர் இளைஞர் மன்றம் ஏரிக்காக உதவி கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். சில வேலைகள் நன்றாகவே நிலைத்திருக்கின்றன.

நிலைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நடுவது. நம் பக்கம் நல்ல மழை புரட்டாசி, ஐப்பசியில்தான். ஆடிக் காற்றையும் ஆட்டுக்குட்டியையும் முழங்கால் உயரக் கன்று தாங்காது. குழி வெட்டவும் கன்று வாங்கவும் பணம் கிடைக்கிறது. முள்வேலிக்கும், இரண்டு கோடை தண்ணீர் ஊற்றும் ஆளுக்கும் கிடைப்பதில்லை.

நிலைத்ததற்கு நான் எப்போதும் சொல்வது சிட்டிலிங்கியை. அரூருக்கு அந்தப் பக்கம், மலைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். சுமார் பத்து வருடம் கழித்துத்தான் வயல் பக்கம் திரும்பினார்கள். ராகியும் சாமையும் குறைந்து விலைப்பயிர்கள் வந்ததில், உரத்துக்கும் மருந்துக்கும் கடன் ஏறியது, வீட்டுச் சாப்பாட்டில் சத்து இறங்கியது. இயற்கை விவசாயம் என்றதும் முதலில் வந்தவர்கள் ஒரு சிலர்தான். இன்று அங்கே விவசாயிகளுக்கே சொந்தமான அமைப்பு இருக்கிறது, பெண்கள் சிறுதானியத்தைப் பண்டமாக்கி விற்கிறார்கள். தன் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டர் சொன்னதால்தான் மக்கள் காது கொடுத்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு நாள் பயிற்சி முகாமில் அந்த நம்பிக்கை வராது.

சாமையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராகியைக் காயவைத்து நேரே திரித்துவிடலாம். சாமைக்கு உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண்ணுக்கு இது தாங்காத வேலை. பாரம்பரிய உணவின் பெருமையைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டாலும் அவள் ரேஷன் அரிசியைத்தான் உலையில் போடுவாள், அது நியாயமும்கூட. ஊருக்குள் ஒரு உமி நீக்கும் மெஷின் வந்தால் கதையே வேறு. பக்கத்தில் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்படி மெஷின்களை வைத்துக் கொடுத்தது. சாமை மானாவாரிப் பயிர், கிணற்றுத் தண்ணீரைக் கேட்காது. அந்த மெஷினுக்குக் கொடுத்த பணம் நிலத்தடி நீருக்கும் கொடுத்த பணம்தான்.

ஏரி விஷயத்தில் தானம் அறக்கட்டளையின் வழி எனக்குப் பிடிக்கும். ஆயக்கட்டு விவசாயிகளை, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்களை, வயலகம் என்ற சங்கமாகச் சேர்த்து, செலவில் ஒரு பங்கை அவர்களையே பணமாகவோ உழைப்பாகவோ போடச் சொல்வார்கள். தன் காசு போட்டவன் மதகு உடைந்தால் சும்மா இருக்க மாட்டான்.

அப்புறம் பணம் எங்கிருந்து வரும்? கம்பெனிகள் நிறைந்த ஓசூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. 2013 கம்பெனிச் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனம் தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு நிதி இப்போது கடினம். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதைப் பிரித்துக் கொடுக்க 2020 சட்டத் திருத்தம் தடை போட்டுவிட்டது. பெரிய அமைப்பின் நிழலில் இயங்கிய சின்னக் கிராமக் குழுக்களுக்கு இது பலத்த அடி. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

உங்கள் மன்றத்தின் கையில் கம்பெனி நேரடியாகப் பணம் தர வாய்ப்புக் குறைவு. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும் மூன்று வருட அனுபவமும் உள்ள ஒரு டிரஸ்டோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். தூர்வாருவதோடு நிறுத்தாமல், வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் மறுபடி முளைக்கும்போது பிடுங்க ஆள் கூலியையும் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள் என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் கம்பெனி வாசலுக்குப் போகாதீர்கள்.