வாசகர் கேள்வி–பதில்: பழுதுபார்த்து மட்டுமே ஒரு சைக்கிள் கடை

கேள்வி: தென்காசியில் ஒரு சைக்கிள் கடையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பஞ்சர் ஒட்டுவது, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, கியர் சரிசெய்வது எல்லாம் தெரியும். சொந்த ஊரான செங்கோட்டையில் தனியாகக் கடை வைக்க விரும்புகிறேன். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. புது சைக்கிள் விற்காமல் பழுதுபார்த்து மட்டும் பிழைக்க முடியாது என்கிறார் முதலாளி. தங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: பிழைக்க முடியும். ஆனால், கடை திறக்கும் முதல் நாளிலிருந்தே பொருளின் விலையை வேறாகவும் கூலியை வேறாகவும் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் கைக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் செயின் மாற்றினால் கூலியையும் செயின் விலைக்குள் அடக்கி ஒரே தொகையாகச் சொல்லிவிடுகிறார்கள். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்டு அந்த வருமானத்தில் கடை நடந்த காலத்தில் அதனால் பெரிய பாதகமில்லை. இன்றைக்கு வாடிக்கையாளர் கைப்பேசியில் விலையைப் பார்த்துவிட்டே கடைக்கு வருகிறார். ஐம்பது ரூபாய் கூடுதலாக இருந்தால் அது உங்கள் உழைப்புக்கான பணம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை, ஏமாற்றப்பட்டதாகவே நினைத்துக்கொள்வார்.

உங்களிடம் இருக்கும் சரக்கு உங்கள் தொழிலறிவுதான். இணையத்தில் 26 அங்குல டயர் வாங்கிவந்து, மகளின் லேடீஸ் சைக்கிளுக்கு மாட்டித் தரச் சொல்லும் ஒரு தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். 26 × 1⅜ டயருக்கு உரிய ரிம்மின் அளவு 590 மில்லிமீட்டர். தடித்த டயர் போட்ட எம்டிபி சைக்கிளின் 26 × 1.95 டயருக்கு உரியது 559 மில்லிமீட்டர். இரண்டையும் 26 என்றே அழைத்தாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போலப் பொறித்திருக்கும் எண்ணை அவரிடமே காட்டி விளக்குங்கள். அடுத்த முறை வாங்குவதற்கு முன்பே உங்களிடம் வந்து கேட்பார்.

செயினுக்கும் இதே முறைதான். ஒரு பின்னின் நடுவில் இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடுப்பகுதி சரியாக வந்து நிற்கும். அது கோட்டைத் தாண்டி ⅛ அங்குலம் தள்ளியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் பற்சக்கரமான ப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும் என்பதால் புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது நழுவும். வாடிக்கையாளரின் கண்முன்னே அளந்து காட்டிய பிறகு கூலி சொன்னால் பேரம் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

ஊரின் பருவமும் உங்களுக்குத் துணை நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குற்றாலத்தில் சீசன் நடக்கும் மாதங்களில், ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று செங்கோட்டையிலும் சாரலைக் கொண்டுவந்து கொட்டும். வெளியில் நிற்கும் சைக்கிளின் செயின் துருவேறும், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் ஈரம் இறங்கி கிரீஸ் கெடும். பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான். ஆகவே மே மாதமே வந்து ஓவராயிலிங் செய்துகொள்பவருக்குக் கூலியில் சலுகை தரலாம். கால் அங்குலத்திலும் 3/16 அங்குலத்திலும் பால்ரஸ் குண்டு தட்டாமல் இருக்கட்டும். சாதாரண சைக்கிளின் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் அங்குலக் குண்டுகளும், முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 சிறிய குண்டுகளும் போகும். அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தரப்படும் விலையில்லா சைக்கிள்களையும் மறந்துவிடாதீர்கள். புது சைக்கிளை முதல் மாதத்தில் ஒருமுறை முடுக்கிக் கோட்டம் பார்த்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளை இரண்டு வருடமும் உங்கள் கடைக்குத்தான் வரும்.

உங்கள் கையிருப்பு சிறிய கடைக்குப் போதும் என்பதே என் எண்ணம். அட்வான்ஸும் மூன்று மாத வாடகையும் போக மிஞ்சுவதில் நல்ல கருவிகளையும் ஒரு கோட்டம் பார்க்கும் ஸ்டாண்டையும் வாங்குங்கள். சரக்கைக் குவிக்க வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் பிணையில்லாமல் 50,000 ரூபாய் வரை வங்கியில் கடன் கேட்கலாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்கென்று யாருக்கும் பணம் தராதீர்கள். நகராட்சியில் தொழில் உரிமம் பெற்றுக்கொள்ளுங்கள். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் வேறு ஆள் தேடிக்கொள்ள அவகாசம் கொடுத்து விடைபெறுங்கள். 11 ஆண்டுகள் சோறு போட்ட இடம் அது.

கேள்வி: கேரளத்தில் உள்ள ஆரியங்காவில் சிறிய சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். டயர், ட்யூப் எல்லாம் தென்காசியில் வாங்குகிறேன். எல்லை தாண்டி வாங்குவதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமா?
— ஒரு வாசகர், ஆரியங்காவு

பதில்: வெளிமாநிலத்திலிருந்து வாங்குவதால் மட்டும் பதிவு கட்டாயமாகாது. பழுதுபார்ப்பும் உதிரிபாக விற்பனையும் சேர்ந்த கடைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு தேவை. ஆனால் நீங்கள் புளியரையிலோ செங்கோட்டையிலோ உள்ள கடைகளுக்கு உதிரிபாகங்களை அனுப்பி விற்கத் தொடங்கினால், அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகிவிடும்; அதற்குத் தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். அப்படி ஓர் எண்ணம் இருந்தால், முதல் சரக்கை அனுப்புவதற்கு முன்பே வரி ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.